நிஜாம் கொடுத்த ஆயிரம் பவுண்டும் அப்பாவின் நீர் மாத்திரையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பாங்கில் சேர்ந்து, மாற்றல் மேல் மாற்றலாக வாங்கி, கடைசியில் ஹைதராபாத் மல்லாபூரில் வந்து உட்கார்ந்திருப்பவன். அதனால் இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பழைய சரித்திரமும், எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவமும்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது எனக்கே சமீபத்தில்தான் புரிந்தது.

மல்லாபூர் தெரியாதவர்களுக்கு: நாச்சாரத்தைத் தாண்டினால் வரும். ஒரு பக்கம் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் அபார்ட்மெண்டுகள். அம்மா போன பிறகு அப்பாவைக் கும்பகோணத்திலிருந்து இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வயது 76. ரத்த அழுத்தம் பதினைந்து வருஷத்துச் சொத்து. கொஞ்சம் வேகமாக நடந்தால் நெஞ்சை அடைக்கும். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

மாதாமாதம் டாக்டரிடம் போவோம். டாக்டர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள். அப்பாவுக்குத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும்தான். நடுவில் துபாஷி வேலை எனக்கு.

இந்தத் துபாஷி வேலை லேசில்லை. ஒரு தடவை அப்பா என்னை முந்திக்கொண்டு "ரொம்ப ஆயாசமா இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டார். நமக்கு ஆயாசம் என்றால் களைப்பு, அசதி. தெலுங்கில் ஆயாசம் என்றால் பெரும்பாலும் மூச்சு வாங்குவது. டாக்டர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து எக்கோ எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்தோம். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு முந்தின ராத்திரி தூக்கமில்லை, அவ்வளவுதான். அதே மாதிரி மாரடைப்புக்குத் தெலுங்கில் 'குண்டெபோட்டு'. இங்கே வந்த புதிதில் பக்கத்து ஃப்ளாட்காரர் தன் மாமனாருக்குக் குண்டெபோட்டு என்று சொன்னபோது, யார் குண்டு போட்டார்கள் என்று ஒரு நிமிஷம் திகைத்து நின்றேன்!

சிரித்தாயிற்று. இனி சிரிக்க முடியாத பகுதி.

ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "மந்துலு கரெக்டுகா வேசுகுண்டுன்னாரா?" மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று. நான் அப்பாவைப் பார்ப்பேன். அப்பா, "சாப்பிடறேன்னு சொல்லுடா. ஏதோ சில நாள் முன்னப் பின்ன ஆகும்" என்பார். நான் டாக்டரிடம், "எஸ் டாக்டர், ரெகுலர்" என்பேன். அந்த 'சில நாள் முன்னப் பின்ன' எனக்கும் டாக்டருக்கும் நடுவில் எங்கேயோ காணாமல் போய்விடும். நேரமில்லை என்பது ஒரு காரணம். பாங்கு ஆபீசர் வீட்டில் ஒழுங்கில்லை என்று டாக்டர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் இன்னொரு காரணம். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அழுத்தம் 168 என்று காட்டியது. டாக்டர் ஒரு மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த மாதமும் இறங்கவில்லை. இன்னொரு மாத்திரை சேர்த்தார். அவர்மேல் என்ன தப்பு? சாப்பிட்டும் இறங்காவிட்டால் கூட்டத்தானே வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாத்ரூமில் தலை சுற்றி விழுந்தார். நெற்றியில் நாலு தையல். இடுப்பு எலும்பு தப்பியது பெரியவர்கள் செய்த புண்ணியம்.

* * *

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பாவின் சட்டைப் பையில் இருந்த அந்த நாக்கடி மாத்திரை எங்கிருந்து வந்தது என்று சும்மா படிக்க ஆரம்பித்தேன். அது என்னை எடின்பரோ, லண்டன் எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் நம் அஃப்சல்கஞ்சிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டது.

1867. ஸ்காட்லாந்தில் எடின்பரோ ராயல் இன்ஃபர்மரி. தாமஸ் லாடர் பிரன்டன் என்று 23 வயதுப் பையன், அப்போதுதான் படிப்பை முடித்து வார்டில் வேலை பார்க்கிறான். அவன் வார்டில் ஒரு நோயாளிக்குத் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் பயங்கரமான நெஞ்சுவலி. இன்று நாம் ஆஞ்ஜைனா என்று சொல்வது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்தே கிடையாது. பிராந்தி கொடுப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள்.

வலி வரும் நேரத்தில் நோயாளியின் நாடியைக் கருவி வைத்துப் பதிவு செய்தான் பிரன்டன். வலி ஏறும்போது நாடியின் இறுக்கமும் ஏறுவது தெரிந்தது. ரத்தம் எடுத்தால் வலி கொஞ்சம் அடங்குவதையும் கவனித்தான். அப்படியானால் அழுத்தத்தைக் குறைக்கும் பொருள் ஏதாவது இருந்தால் வலியும் குறையுமே? அமைல் நைட்ரைட் என்ற திரவம் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று ஆர்தர் கேம்ஜி என்ற நண்பர் சொல்லியிருந்தார். சில சொட்டுகளைத் துணியில் விட்டு முகரக் கொடுத்தான். முகம் சிவந்தது. ஒரு நிமிஷத்துக்குள் வலி நின்றது. அதே வருஷம் லான்செட் பத்திரிகையில் எழுதினான். நெஞ்சுவலிக்கு நிஜமாகவே வேலை செய்த முதல் மருந்து என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

'எப்போது வலிக்கிறது?' என்ற கேள்விக்கு நோயாளி சரியான பதில் சொன்னதும், கேட்டவன் அந்த நேரத்தில் முழித்துக்கொண்டு பக்கத்தில் இருந்ததும்தான் இந்தக் கண்டுபிடிப்பின் ஆரம்பம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வேடிக்கையைப் பாருங்கள். அதே 1867ல்தான் ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் சரக்கு நைட்ரோகிளிசரின். 1879ல் வில்லியம் மரல் என்ற லண்டன் டாக்டர் அந்த நைட்ரோகிளிசரினையே மிகச் சிறிய அளவில் கொடுத்தால் நெஞ்சுவலிக்குக் கேட்கிறது என்று எழுதினார். கடைசிக் காலத்தில், 1896ல், நோபலுக்கே இதய நோய் வந்தபோது டாக்டர்கள் அவருக்கு எழுதிக்கொடுத்ததும் நைட்ரோகிளிசரின்தான். இது விதியின் கேலி போலிருக்கிறது என்று நண்பருக்கு அவர் கடிதமே எழுதியிருக்கிறார். அப்பாவின் பையில் இருப்பதும் அந்த வம்சத்து மாத்திரைதான். குண்டெபோட்டுக்குக் குண்டு மருந்து. என் பழைய திகைப்பு அத்தனை முட்டாள்தனமில்லை போலிருக்கிறது. :-)

* * *

இந்தப் பிரன்டன்தான் 22 வருஷம் கழித்து, 1889 அக்டோபரில் ஹைதராபாத் வந்து இறங்கினார். அப்போது அவர் லண்டனில் பெரிய பெயர். அவரைக் கூப்பிட்ட காரணமும் இதயம், மருந்து இரண்டும்தான். மருந்தின் பெயர் குளோரோஃபார்ம்.

1847ல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்திலும் அறுவை சிகிச்சையிலும் குளோரோஃபார்ம் கொடுக்க ஆரம்பித்தார். மறு வருஷம் 1848 ஜனவரியிலேயே முதல் சாவு. ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், இங்கிலாந்தின் நியூகாசில் பக்கம். கால் நகம் ஒன்றை எடுப்பதற்காக மயக்கம் கொடுத்தார்கள். சில நிமிஷங்களில் போய்விட்டாள். நாற்காலியில் உட்காரும்போதே அந்தப் பெண் பயந்து அழுதுகொண்டிருந்தாள் என்று பதிவாகியிருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் செத்துப்போகிறார்கள் என்பதில் டாக்டர்கள் இரண்டு கட்சியானார்கள். இதயம் திடீரென்று நிற்கிறது, அதனால் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கொடுக்கவேண்டும் என்றது ஒரு கட்சி. லண்டனில் ஜான் ஸ்னோ (காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று காட்டினாரே, அவரேதான்) இந்தப் பக்கம். மூச்சுதான் முதலில் நிற்கும், மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைத் தொடவே வேண்டாம் என்றது எடின்பரோ கட்சி. அதன் குரு ஜேம்ஸ் சைம்.

சைமின் சிஷ்யர் எட்வர்ட் லாரி (ரோட்டில் ஓடும் லாரி இல்லை). 1885ல் ஹைதராபாத் ரெசிடென்சி சர்ஜனாக வந்து, ஹைதராபாத் மெடிக்கல் ஸ்கூலுக்குத் தலைவராகவும் இருந்தார். அஃப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரியில் குருவின் பாணியிலேயே ஆயிரக்கணக்கான பேருக்குக் குளோரோஃபார்ம், ஒரு சாவுகூட இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். குளோரோஃபார்ம் இதயத்தை நேராகத் தாக்குவதே இல்லை என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. பெண்களும் மருத்துவம் படிக்க இங்கே அப்போதே இடம் கொடுத்தார்கள். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று பலர் சொல்லும் ரூபா பாய் ஃபர்துன்ஜி இந்தப் பள்ளியில் படித்தவர்தான்.

1888ல் லாரி ஒரு கமிஷன் அமைத்து நாய்கள்மேல் பரிசோதனை செய்தார். இதயத்துக்கு ஆபத்தில்லை என்று முடிவு சொன்னார். லான்செட் ஒப்புக்கொள்ளவில்லை. லாரி விடவில்லை. ஆறாவது நிஜாம் மீர் மஹபூப் அலி கானிடம் போனார். லான்செட்டே ஒரு நிபுணரை அனுப்பட்டும், செலவு நம்முடையது என்று நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்தார். லான்செட் அனுப்பிய நிபுணர்தான் பிரன்டன். இதய ஆபத்தை நம்பியே கப்பல் ஏறியவர்.

1889 டிசம்பர் வரை, நாய், குரங்கு, ஆடு, குதிரை, பூனை, முயல் என்று நூற்றுக்கணக்கான பிராணிகள். ரத்த அழுத்தத்தைக் கோடாக வரையும் கருவிகள். அந்தக் காலத்தில் இந்தியாவில் நடந்த மிகப் பெரிய மருத்துவ ஆராய்ச்சிகளில் இதுவும் ஒன்று. முடிவில் பிரன்டன் கட்சி மாறினார். ஆபத்து மூச்சடைப்பிலும் அளவு மீறுவதிலும்தான், இதயத்துக்கு நேரடியாக ஒன்றும் இல்லை என்று லண்டனுக்குத் தந்தி போனது. 1890ல் லான்செட்டில் முழு அறிக்கையும் வந்தது. லாரிக்கு வெற்றி. ஹைதராபாத்தின் பெயர் உலகத்து மருத்துவப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

ஒரே ஒரு சிக்கல், முடிவு தப்பு.

1893லேயே கேம்ப்ரிட்ஜில் காஸ்கெல், ஷோர் என்ற இருவர் குளோரோஃபார்ம் இதயத்தை நேராகவே பாதிக்கிறது என்று காட்டினார்கள். 1911ல் குட்மன் லெவி என்ற லண்டன் டாக்டர் முடிச்சை அவிழ்த்தார். ஆழ்ந்த மயக்கத்தில் இல்லை, அரைகுறை மயக்கத்தில்தான் அந்தத் திடீர்ச் சாவு. அந்த நேரத்தில் உடம்பில் அட்ரினலின் ஏறினால், இதயம் ரத்தத்தைத் தள்ளுவதை விட்டுவிட்டு வெறுமனே படபடவென்று துடிக்க ஆரம்பிக்கிறது. அதன் பெயர் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். உடனே சரி செய்யாவிட்டால் சில நிமிஷங்களில் மரணம்.

அட்ரினலின் எப்போது ஏறும்? பயந்தால். நாற்காலியில் அழுதுகொண்டிருந்த ஹன்னா கிரீனரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதற்குத்தான். அவள் எப்படிச் செத்தாள் என்று இன்றும் மயக்க மருத்துவர்கள் விவாதிக்கிறார்கள். ஆனால் லெவியின் விளக்கம் அப்படிப் பயந்துபோன நோயாளிகளுக்குப் பொருந்தியது.

அப்படியானால் பிரன்டன் போன்ற ஆள் எப்படி ஏமாந்தார்? ஹைதராபாத்தில் பார்த்த எதுவும் பொய்யில்லை. பெரும்பாலான பிராணிகளுக்கு உயிர் போகும்வரை குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். அளவு மீறிப் போனால் மூச்சுதான் முதலில் நிற்கிறது. அது சரியான விடைதான். 'நிறையக் கொடுத்தால் எது முதலில் நிற்கும்?' என்ற கேள்விக்கான விடை. ஆஸ்பத்திரிகளில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த கேள்வி வேறு. 'கொஞ்சமாகக் கொடுக்கும்போதே, பயந்துபோன ஒரு ஆள் ஏன் சட்டென்று போகிறான்?' அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. 1,000 பவுண்டு, இத்தனை கருவி, இத்தனை நிபுணர். கேள்வி தவறினால் துல்லியமான பதிலும் தப்பான இடத்தில் கொண்டுபோய் விடும்.

இதைப் படித்தபோது ராத்திரி மணி இரண்டு இருக்கும். டாக்டர் கேட்கும் 'கரெக்டுகா வேசுகுண்டுன்னாரா?' என்ற கேள்வியும், அதற்கு நான் சொல்லும் 'ரெகுலர்' என்ற பதிலும் மண்டைக்குள் ஓடின. எழுந்து போய் மாத்திரை டப்பாவைக் கொட்டினேன்.

* * *

பாங்கில் வேலை பார்ப்பவனுக்குத் தெரிந்தது எண்ணுவதுதானே. பில்லை எடுத்தேன். நீர் மாத்திரை 90 வாங்கி 60 நாள் ஆகிறது. தினம் ஒன்று. கையிருப்பு 30 இருக்கவேண்டும். 56 இருந்தது. வித்தியாசம் 26. எட்டரை வாரத்தில் 26 என்றால் வாரத்துக்கு மூன்று. மறதிக்கு இப்படி ஒரு ஒழுங்கு இருக்காது.

காலையில் காபி கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "செவ்வாய், வெள்ளி, சனி கோயிலுக்குப் போறேன்ல. அதைப் போட்டுண்டா அரை மணிக்கொரு தரம் போகணும். வழியில எங்கடா போறது? ஊருக்குப் போறப்ப ரயில்லயும் அதே கதைதான்."

"டாக்டர்ட்ட சொல்லியிருக்கலாமேப்பா?"

"உன்னை வெச்சுண்டு, அந்த நர்சம்மா நிக்கறச்ச, இதை எப்படிடா சொல்றது?"

அவ்வளவுதான் விஷயம். வாரத்தில் மூன்று நாள் விட்டதால் அழுத்தம் ஏறியது. எல்லாம் சாப்பிட்டும் ஏறுகிறது என்று நினைத்து டாக்டர் கூட்டினார். எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிட்ட நாளில் அழுத்தம் தடாலென்று இறங்கித் தலை சுற்றியது. மூன்று பேரும் நல்ல எண்ணத்தில்தான் இருந்தோம்.

* * *

இது அப்பா ஒருவருடைய கதை இல்லை. நீண்டகால நோய்களுக்கான மருந்துகளைச் சொன்னபடி சாப்பிடுபவர்கள் வசதியான நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ல் ஒரு அறிக்கையில் சொன்னது.

மாத்திரைக்குப் பஞ்சம் என்பதால் இல்லை. நம் நாட்டில் இதய மாத்திரைகள் கைக்கெட்டும் விலையில் கிடைப்பதற்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. 1970ல் வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்றது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்யலாம் என்றானது. ஹைதராபாத் பாலாநகரில் இருந்த அரசு நிறுவனமான ஐ.டி.பி.எல். ஆலையில் தொழில் கற்ற பலர் வெளியே வந்து கம்பெனி ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் அஞ்சி ரெட்டி. 1984ல் அவர் தொடங்கிய டாக்டர் ரெட்டீஸ் ஆரம்ப காலத்தில் தயாரித்து ஏற்றுமதி செய்தவற்றில் மெத்தில்டோபா என்ற ரத்த அழுத்த மருந்தும் உண்டு. 2005ல் பொருளுக்கான காப்புரிமை திரும்ப வந்துவிட்டது. ஆனால் அப்பா மாதிரி ஆட்கள் சாப்பிடும் பழைய மருந்துகள் பலவற்றை அதற்குள் நம்மவர்கள் செய்யக் கற்றாகிவிட்டது.

ஆக, மருந்து கண்டுபிடித்தாயிற்று, மலிவாகச் செய்தும் ஆயிற்று. அப்புறம்தான் அடுத்த கேள்வி: வாயில் போகிறதா? அதற்கும் ஹைதராபாத் மாத்திரை ஒன்றை வைத்தே சோதனை நடந்தது. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மருந்து ஒன்று, அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகள் இரண்டு, நான்கையும் ஒரே மாத்திரையில் அடைத்துத் தயாரித்தது டாக்டர் ரெட்டீஸ். அதை வைத்து அம்பயர் என்ற ஆய்வு இந்தியாவிலும் ஐரோப்பாவிலுமாக 2,004 பேரிடம் நடந்தது. முடிவு 2013ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் வெளியானது. பாதிப் பேருக்கு இந்த ஒரே மாத்திரை, பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. சுமார் 15 மாதம் கழித்துக் கேட்டபோது, ஒரே மாத்திரைக்காரர்களில் 86 சதவீதம் பேர் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களில் 65 சதவீதம். அழுத்தத்திலும் கொழுப்பிலும் சின்ன முன்னேற்றம் தெரிந்தது. மாரடைப்புகள் குறைந்ததாக அந்த ஆய்வில் நிரூபணமாகவில்லை. இந்த வகைக் கூட்டு மாத்திரைகளை 2023ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் அந்த மாத்திரைகூட இல்லை. 'மருந்து நல்லதா?' என்று மட்டும் கேட்காமல், 'வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கிறது?' என்று கேட்டார்களே, அதுதான்.

* * *

அடுத்த தடவை டாக்டரிடம் எண்ணின கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முன்பு சொன்ன 'ரெகுலர்' எல்லாம் என் தப்பு என்றும் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, நேராக அப்பாவைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார். "அங்கிள், வாரானிகி என்னி ரோஜுலு மிஸ் அவுதாயி?" வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகும்?

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் அப்பா மூன்று விரலைக் காட்டி, "மூடு" என்றார். காய்கறிக்காரியிடம் கற்ற தெலுங்கு. டாக்டர் சிரித்துவிட்டார். அப்பாவும்.

விடுகிறீர்களா என்று கேட்காமல் எத்தனை நாள் என்று கேட்டதும், யாரும் விடத்தான் செய்வார்கள் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே வந்துவிட்டது. அப்பாவுக்குப் பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. புதிதாகச் சேர்த்த மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். கோயில் நாட்களில் நீர் மாத்திரையை வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார். இது அப்பாவின் உடம்புக்கு அவர் சொன்னது. உங்கள் வீட்டில் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான் நேரத்தை மாற்றவேண்டும். போன வாரம் அழுத்தம் 138.

ஊரை விட்டு வந்து, பெற்றோரை நம்மோடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

1. அட்டைகளையே எடுத்துக்கொண்டு போங்கள். சீட்டு வேறு, சாப்பிடுவது வேறு. கணக்கு படித்தவர்களுக்கு வங்கிச் சரிகட்டும் பட்டியல் ஞாபகம் இருக்கும். பாஸ்புக்கையும் நம் ரொக்க ஏட்டையும் ஒப்பிடுவது. மாத்திரைக்கும் அதைச் செய்யுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் மாத்திரை, லேகியம், சூரணம் எல்லாம் பட்டியலில் வரவேண்டும். வலி மாத்திரைகளில் பல ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

2. சொன்னதைச் சொன்னபடி மொழிபெயருங்கள். "சில நாள்" என்றால் "சில நாள்" என்றே சொல்லுங்கள். ஆயாசம், படபடப்பு, நெஞ்சு கரிப்பது, நெஞ்சு அடைப்பது இவற்றை வார்த்தையாகச் சொல்லாமல், எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், என்ன செய்தால் வருகிறது என்று சொல்லுங்கள். பிரன்டனுக்கு உதவியதும் அதுதான்.

3. இரண்டு நிமிஷமாவது பெரியவர்களை டாக்டரோடு தனியாக விடுங்கள். நம் முன்னால் சொல்ல முடியாதது அவர்களுக்கு உண்டு. நமக்கும் உண்டு. நாக்கடி மாத்திரை உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறித்தான் வேலை செய்கிறது. அந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்ததற்கு 1998ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே வருஷம் சந்தைக்கு வந்தது சில்டெனாஃபில், அதாவது வயாகரா. முதலில் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட மருந்து. இரண்டையும் சேர்த்து எடுத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு விழலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பது ஆபத்தான இடம் இது.

4. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாமாக நிறுத்தக்கூடாது. ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லவேண்டும். டாக்டருக்கு அது குறை சொல்வதாகாது, அவருக்கு வேண்டிய தகவல்.

5. நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி என்றால் 'கேஸ்தான்' என்று ஓமம் மென்றுகொண்டு உட்காராதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். அந்தச் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று முதலில் ஆரம்பித்ததும் இதே ஹைதராபாத்தில்தான்.

லாரியின் அஃப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரியை 1908 மூசி வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு அதே அஃப்சல்கஞ்சில் உஸ்மானியா ஆஸ்பத்திரி எழுந்தது. போன வாரம் அந்த வழியாகப் போகும்போது அப்பாவிடம் பிரன்டன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தனை நாயைக் கேட்டானே, ஒரு மனுஷனைக் கேட்டிருக்கலாம்" என்றார்.

பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாத்திரை இருந்தது.